யாரு ஊட்டுக்கு?

தர்மபுரி மாவட்டத்து மலையோர ஊர்களில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் எவரையும் ஒரு கேள்வி மறிக்கும்: "எங்க போறீங்க?" பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்: "யாரு ஊட்டுக்கு?" முதல் கேள்விக்கு ஊர்ப்பெயர் போதும். இரண்டாவதற்கு ஆள் வேண்டும். மாமன் வீடு, அக்காளைக் கட்டிக்கொடுத்த வீடு, சாவு விழுந்த வீடு, பெண் பார்க்கப் போகும் வீடு. ஆளில்லாத ஊருக்குப் போவதானால் அங்கே கோயிலோ சந்தையோ ஆஸ்பத்திரியோ கோர்ட்டோ இருந்தாக வேண்டும். இவை எதுவும் இல்லாமல், ஒருவரையும் தெரியாத ஒரு மலைக்கு, இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வரப் போகிறேன் என்று சொன்னால் கேட்டவர் மறுத்துப் பேசமாட்டார். "ம்" என்பார். அந்த "ம்"மில் கோபமோ கேலியோ இருக்காது. ஒரு கணக்கு ஒத்துவராதபோது மனிதர்கள் எழுப்பும் ஒலி அது.

வெளிநாட்டிலிருந்து வந்து இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆறு மாதமோ ஒரு வருடமோ தங்கி வேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். இருபத்தாறு வயதுச் செவிலியர் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம்; இப்படிப்பட்டவர்கள் பல வருடங்களாக வந்துபோய்க்கொண்டிருக்கிறார்கள். அவர் வெள்ளிக்கிழமை மாலை பை கட்டுகிறார். இரண்டு நாள் வத்தல்மலை, திங்கட்கிழமை திரும்பிவிடலாம். விடுப்பு அவருக்கு உரியதுதான், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பையின் ஜிப்பை மெதுவாக இழுக்கிறார். மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆயாவைத் தாண்டும்போது நடை கொஞ்சம் வேகமாகிறது. போன வாரம் தர்மபுரிக்கு மருந்து வாங்கப் போனபோது இந்த வேகம் இல்லை. அன்று ஆயா கேட்பதற்கு முன்பே அவராக நின்று, எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார். இன்று என்ன குறைகிறது? இந்தச் சின்ன நடைவேகத்தைத்தான் இந்தக் கட்டுரை சுற்றிச் சுற்றி வருகிறது.

தன்னார்வலர் என்ற சொல்லிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. தொண்டர் என்பதைக் கட்சிகள் எடுத்துக்கொண்ட பிறகு புழக்கத்துக்கு வந்த சொல். தன் ஆர்வம் என்று பிரித்தால் முதலில் வந்து நிற்பது தான். பிறர் கூப்பிட்டு வந்தவர் என்ற பொருள் அதில் இல்லை. பிறருக்காக வந்தவர் என்றுகூட அந்தச் சொல் சொல்வதில்லை. தன் விருப்பத்தில் வந்தவர் என்கிறது, அவ்வளவுதான். தன் விருப்பத்தில் வந்தவர் தன் விருப்பத்தில் இரண்டு நாள் போகவும் செய்வார் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. இப்படிப் பார்த்தால் பை கட்டும்போது கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஊர் அவரை அந்தச் சொல்லால் அழைப்பதில்லை. 'நம்ம ஆஸ்பத்திரிப் பொண்ணு' என்று அழைக்கிறது. அந்த 'நம்ம'வைக் கேட்டு மகிழ்ந்துபோன ஒருவருக்குத்தான் வெள்ளிக்கிழமை மாலை தொல்லையாகிறது.

இந்திய அரசுக்கும் இவரை என்னவென்று அழைப்பது என்பதில் நெடுநாள் குழப்பம். சுற்றுலா விசாவில் வருபவர் பணம் வாங்காமல் குறுகிய காலத் தன்னார்வப் பணி செய்யலாம், ஒரு மாதத்துக்கு மிகாமல். அதற்கு மேல் ஒரு தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டுமானால் அவர் வாங்க வேண்டியது வேலை விசா. ஊதியமில்லாத வேலைக்கு ஊழியர் என்ற முத்திரை. ஒரு மாதம் வரை செய்யும் உழைப்புக்குச் சுற்றுலாப் பயணி என்ற முத்திரை. 2009 கடைசியிலிருந்து 2012 வரை இன்னொரு விதியும் இருந்தது. சுற்றுலா விசாவில் இருப்பவர் நாட்டை விட்டு வெளியே போனால் மீண்டும் நுழைய இரண்டு மாத இடைவெளி வேண்டும். கொழும்புக்கோ காத்மாண்டுவுக்கோ நாலு நாள் போய்விட்டு வரலாம் என்று கிளம்புகிறவர், விதியைச் சரியாகப் படிக்காவிட்டால் அறுபது நாள் வெளியே நிற்க வேண்டும். ஊருக்கு 'ஆஸ்பத்திரிப் பொண்ணு', குடிவரவு அதிகாரிக்கு ஊழியர், அவரது சொந்த மனக்கணக்கில் இரண்டும் இல்லாத வேறொன்று. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் பை தொங்குகிறது.

நிறுவனங்கள் இந்தக் கூச்சத்தை எப்போதோ விதியாக்கித் தீர்த்துவிட்டன. 1961இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப்படை அதே ஆண்டில் இந்தியாவுக்கும் ஆள் அனுப்பியது. 1976 வரை இங்கே இருந்தது. அதன் தொண்டர்களுக்குச் சேவை செய்யும் ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு நாள் விடுப்பு சேரும். ஐக்கிய நாடுகள் சபை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடுகிறது. போர், வறட்சி, தனிமை என்று கடினமான இடங்களில் பணிபுரிகிறவர்கள் குறிப்பிட்ட வாரங்களுக்கு ஒருமுறை ஐந்து வேலை நாட்கள் அந்த இடத்தை விட்டு வெளியே போய் இளைப்பாறி வரலாம். இடம் எவ்வளவு கடினமோ அவ்வளவு சீக்கிரம் முறை வரும். மிகக் கடுமையான இடமென்றால் நாலு வாரத்துக்கு ஒருமுறை. நல்ல விதி. களைத்த மனிதர் நல்ல செவிலியராக இருக்கமுடியாது. ஆனால் அதற்குள் ஒரு வரி இருக்கிறது: இந்த உரிமை பன்னாட்டளவில் பணியமர்த்தப்பட்டவர்களுக்கு. அதே ஊரில் பிறந்து, அதே அலுவலகத்தில் அதே வெடிச்சத்தத்தைக் கேட்டு வேலை செய்யும் உள்ளூர்க்காரருக்கு அந்த இளைப்பாறல் இல்லை. விதியை எழுதியவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. வெளியே போவதென்றால் வெளி என்று ஒன்று இருக்க வேண்டும், உள்ளூர்க்காரருக்கு அது வீடு, வீட்டிலிருந்து எங்கே போய் இளைப்பாறுவது என்று நினைத்திருக்கலாம். அந்த நினைப்பு ஆயாவின் கேள்விக்கு வெகு அருகில் வருகிறது, வேறு வாசல் வழியாக. யாரு ஊட்டுக்கு?

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. மதுரைப் பக்கம் ஊழியம் செய்ய வந்த அமெரிக்க மிஷனரிகள், காய்ச்சலும் காலராவும் தங்கள் ஆட்களைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், 1845இல் பழனி மலைமேல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். சன்னிசைட், ஷெல்டன் என்று அவற்றுக்குப் பெயர். கோடைக்கானல் என்ற ஊர் இப்படித்தான் தொடங்கியது: சேவை செய்ய வந்தவர்கள் சேவையிலிருந்து கொஞ்சம் விலகி மூச்சு வாங்கிக்கொள்ளக் கட்டிக்கொண்ட இடமாக. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடருக்கும் கோடைக்கானலில் 'ஹில்டாப்' என்ற வீடு இருந்தது. கடைசிக் காலத்தை அங்கேதான் கழித்தார், 1960 மே மாதம் அங்கேயே இறந்தார். வேலூர்ச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களுக்குச் சாலையோர மருத்துவம் கொண்டுபோன அந்த அம்மையாரின் மலைவீட்டை யாரும் குறையாகச் சொல்லியதில்லை. சொல்லவும் கூடாது. உயிரோடு இருந்தால்தானே வைத்தியம் பார்க்கமுடியும்.

ஆனால் சாலை வருமுன் அந்த மலைக்கு எப்படிப் போனார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். அடிவாரத்திலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் ஏறிப் போனார்கள், தூக்கியவர்களின் தோள்மேல். இதே டோலி தமிழ்நாட்டு மலைகளில் இன்னொரு திசையிலும் போனது. வத்தல்மலையில் சாலை வருவதற்கு முன் பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவனையும் கம்பில் தூளி கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகக் கீழே தூக்கி வந்தார்கள். ஒரே துணி, ஒரே மூங்கில், ஒரே தோள். மேலே போனபோது அதில் இளைப்பாறப் போகிறவர் இருந்தார். கீழே வந்தபோது இழுத்துக்கொண்டிருக்கும் மூச்சு இருந்தது. தர்மபுரி மாவட்டத்துக்கு இது பழங்கதை இல்லை. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல்தோறும் வாக்கு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போவதை நாளிதழ்கள் படம் போட்டிருக்கின்றன. படத்தில் கழுதைக்கு முன்னும் பின்னும் காவலர் நடப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் மறுநாளும் அதே பாதையில் காவல் இல்லாமல் நடப்பார்கள்.

சனிக்கிழமை. மாவட்டத்தின் கிழக்கோரத்திலிருந்து கிளம்பினால் கோட்டப்பட்டி, அரூர், தர்மபுரி என்று பேருந்து மாறி மாறி வர வேண்டும். தர்மபுரியிலிருந்து வத்தல்மலை சுமார் 25 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் வண்டி மூச்சடக்கித் திரும்பும்போது சமவெளி ஒரு படி கீழே இறங்குகிறது: தென்னந்தோப்பு, கிணறு, ஓட்டு வீடு, பிறகு எல்லாம் சேர்ந்து வெயிலில் மங்கிய ஒரே நிறம். மேலே காற்று வேறு. சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கின்றன, அவற்றைக் கட்டிக்கொண்டு மிளகுக் கொடி, அடியில் நிழலில் காப்பிச் செடி. கோடைமழை ஒன்று விழுந்தால் காப்பி முழுச் செடியும் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகையை நினைவூட்டும் மணத்தோடு. பூ சில நாள்தான் நிற்கும். பெயரில் வத்தல் இருக்கிறதே, மிளகாய் வத்தல்போல் காய்ந்த மலையாக இருக்கும் என்று நினைத்து வந்தவர் இந்தப் பச்சையைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். தர்மபுரியின் ஊட்டி என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறி வருகிறார்கள். வளைவில் வண்டியை நிறுத்தி, தலைமுடியைக் கோதி, கைபேசியை நண்பனிடம் கொடுக்கிறார்கள். அவர்களுக்குக் கூச்சம் ஏதுமில்லை. திங்கட்கிழமை கடையிலோ கல்லூரியிலோ அவர்களுக்காகக் காத்திருக்கும் யாரும் 'நீ போய்விட்டாயே' என்று நினைக்கப்போவதில்லை.

பெரியூர், பால்சிலம்பு, ஒன்றியங்காடு, சின்னாங்காடு, மன்னாங்குழி, நாய்க்கனூர் என்று மலைமேல் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். இந்தப் பெயரைக் கேட்டதும் வெளிநாட்டுக்காரர் கைபேசியில் தேடிப் பார்த்து, கேரளத்திலிருந்து வந்தவர்கள் போலிருக்கிறது என்று முடிவு கட்டுவார். மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள் இவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டுவந்து, மலைக்கு ஒருவராகப் பிரிந்துபோன அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. கொல்லிமலை, கல்வராயன்மலை, பச்சைமலை என்று இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் நெடுகச் சொந்தபந்தம் பரவிக் கிடக்கிறது. மலையிலிருந்து மலைக்கு அவர்கள் போவதானால் கேள்விக்குப் பதில் கைவசம் இருக்கும்: மாமன் ஊட்டுக்கு. நம் செவிலியர் ஆறு மாதமாக வைத்தியம் பார்ப்பதும் இதே மக்களுக்குத்தான். அதே மக்கள் வாழும் இன்னொரு மலைக்கு அவர் இப்போது ஓய்வெடுக்க வந்திருக்கிறார். ஆயா கேட்டிருக்கக்கூடியது நியாயமானதுதான்: "அங்கயும் மலைதான, இங்கயும் மலைதான. அங்க என்னா இருக்குது?"

அங்கே இருப்பது ஒன்றே ஒன்று. அங்கே அவரிடம் யாரும் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்கமாட்டார்கள். வழியில் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் குழந்தையின் கண்ணில் வெளிறல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பார்க்கிறார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறார். ஓய்வு என்பது இங்கே திரும்பிக்கொள்ளும் உரிமையாக இருக்கிறது. இதே குழந்தை வேலை செய்யும் ஊரில் இருந்திருந்தால் திரும்பிக்கொண்டிருக்கமுடியாது. ஒரு மலைக்கும் இன்னொரு மலைக்கும் நடுவில் தன் கண் எந்த இடத்தில் இப்படி மாறியது என்று அவர் யோசிக்கக்கூடும், சூடான காப்பியை இரண்டு கையிலும் பிடித்தபடி.

இரவு தங்க இடம் கிடைத்தால் இடம் கொடுப்பவருக்கு ஒரு சங்கடம். வெளிநாட்டவர் யாரைத் தங்கவைத்தாலும், விடுதியானாலும் வீடானாலும், இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நெடுநாள் 'சி' படிவம் என்று அதற்குப் பெயர் இருந்தது. பாஸ்போர்ட் எண், விசா எண் எல்லாம் எழுதி முடித்த பிறகு அந்தப் படிவம் கேட்கிறது: எங்கிருந்து வந்தார்? வந்த நோக்கம் என்ன? அடுத்து எங்கே போகிறார்? அரசாங்கமும் ஆயாவைப்போலத்தான். வித்தியாசம் என்னவென்றால், 'சுற்றுலா' என்று எழுதினால் படிவம் திருப்தியடைந்துவிடுகிறது. அது "ம்" என்பதில்லை.

மலைக்காரர்களுக்கும் குறுகிய பயணங்கள் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு மூன்று மாதம், கேரளத்துக்குக் கட்டட வேலைக்கு, குடகுப் பக்கம் காப்பிப் பழம் பறிக்க ஒரு பருவம். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் போய்விட்டு, கொஞ்சம் பணத்தோடு திரும்புவது. வீட்டுச் சுவரில் சாவி தொங்கும். வயசானவர்களும் ஆடுகளும் இருப்பார்கள். 'நாலு நாள் வெளியூர் போயிட்டு வர்றேன்' என்று இவர்களும் சொல்லித்தான் கிளம்புகிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரைக் காவல்துறை சுட்டுக்கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் மலையோர ஊர்க்காரர்கள். அவர்கள் வீடுகளிலும் யாரோ வாசலில் உட்கார்ந்து 'எங்க போறீங்க' என்று கேட்டிருப்பார்கள். இதையும் வத்தல்மலையில் காப்பி குடிப்பதையும் ஒரே கட்டுரையில் எழுதுவது கொஞ்சம் அநியாயமாகக்கூட இருக்கலாம். இரண்டு நாள் ஓய்வெடுக்கும் செவிலியர் எந்தத் துப்பாக்கிக்கும் பொறுப்பில்லை. ஆனால் 'போய்விட்டு வருவது' என்ற அதே வினைச்சொல்லில், வருவது என்ற பாதி சிலருக்கு உறுதியாகவும் சிலருக்கு வேண்டுதலாகவும் இருக்கிறது என்பதை ஒருமுறை கவனித்துவிட்டால் கவனிக்காதவராக ஆவது கடினம்.

1968 ஏப்ரலில் சிந்தனையாளர் இவான் இல்லிச் மெக்சிகோவுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் பேசினார். அந்தப் பேச்சு இன்றும் தன்னார்வலர்களுக்கான பயிற்சிகளில் படிக்கக் கொடுக்கப்படுகிறது, அதைக் கேட்டவர்கள் வராமலே இருந்துவிட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம் என்றாலும். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலையேற வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். அதாவது அவரைக் கேட்டால் நம் செவிலியரின் வத்தல்மலைப் பயணம்தான் நேர்மையானது. மீதி ஆறு மாதத்தைப் பற்றித்தான் கூச்சப்பட வேண்டும். கேட்க ரசமாக இருக்கிறது. ஆனால் சீழ் பிடித்த புண்ணுக்குக் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கும்போது இந்த ரசம் செல்லுபடியாவதில்லை. இல்லிச் பேசியது இளமை வேகத்தில் கோடைவிடுமுறைக்கு வருகிறவர்களிடம். வந்து, தங்கி, அலுத்து, மறுபடி வந்தவர்களைப் பற்றி அவர் அன்று பேசவில்லை.

அப்படி ஒருவர் பியேர் செரெசோல். சுவிட்சர்லாந்துப் பொறியாளர். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1920இல், வெர்டுன் பக்கத்தில் குண்டுகள் சிதைத்த ஒரு கிராமத்தை மண்வெட்டியால் திருத்தக் கிளம்பிய சிறு குழுவிலிருந்து பன்னாட்டுக் குடிமைத் தொண்டு என்ற இயக்கத்தை உருவாக்கியவர். 1934 ஜனவரி 15இல் பீகாரில் நிலநடுக்கம் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. வந்தார், பார்த்தார், திரும்பிப் போனார், நாலைந்து தோழர்களோடு மறுபடி வந்தார். வெள்ளத்தில் மூழ்கும் ஊர்களை மேட்டுக்கு மாற்றும் வேலை. 1937 வரை ஐரோப்பாவுக்கும் பீகாருக்குமாகப் போவதும் வருவதுமாக இருந்தார். அந்த இடைவெளிகளை யாரும் விடுப்பு என்று அழைப்பதில்லை. ஒவ்வொரு போக்கும் ஆள் திரட்ட, பணம் திரட்ட. ஆனாலும் கப்பலில் ஏறிய பிறகு அந்த மனிதர் கடலைப் பார்த்து ஒரு நாளாவது சும்மா உட்கார்ந்திருப்பார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கூச்சத்துக்கு இன்னொரு அடியும் இருக்கிறது. அது குற்ற உணர்வைவிடச் சின்னது, அதனாலேயே ஒப்புக்கொள்ளக் கடினமானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலைமேல் கைபேசிக்கு அலைவரிசை வந்து வந்து போகும் ஒரு பாறையில் உட்கார்ந்து, செவிலியர் தான் வேலை செய்யும் ஊருக்குப் பேசிப் பார்க்கிறார். ஏதாவது அவசரமா, யாராவது வந்தார்களா, அந்தக் கிழவருக்குக் கட்டு மாற்றினார்களா. மறுமுனையில் உள்ளூர்ப் பெண் சொல்கிறாள்: "எல்லாம் ஆச்சுங்க அக்கா. நீங்க இருந்துட்டு வாங்க." அந்தச் சமயத்தில் நெஞ்சில் ஒரு சின்ன ஏமாற்றம் தைக்கிறது. ஒன்றும் நின்றுவிடவில்லை. யாரும் தேடவில்லை. தான் இல்லாமல் அங்கே இரண்டு பகலும் ஓர் இரவும் வழக்கம்போல நடந்து முடிந்திருக்கின்றன. கிளம்பும்போது பயந்தது தன்னால் அவர்களுக்குக் கேடு வந்துவிடுமோ என்று. இப்போது உறுத்துவது கேடு எதுவும் வரவில்லை என்பது.

இந்த மாவட்டத்தில் அந்த ஏமாற்றத்தையே குறிக்கோளாக வைத்து வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் இல்லை; ஆனால் அந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியூர்க்காரர்கள்தான். செய்தவற்றில் முதன்மையானது கட்டடமோ கருவியோ இல்லை. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களைச் செவிலியராகப் பழக்கினார்கள். ஊர்தோறும் மூத்த பெண்களுக்குத் தாய் சேய் நலம் சொல்லிக்கொடுத்தார்கள். வருடங்கள் போகப் போக அந்தச் சாவு எண்ணிக்கை இருபதின் பக்கம் இறங்கியது. பிரசவம் பார்க்கவும் மயக்க மருந்துக்கு உதவவும் அதே ஊரில் பிறந்த பெண்கள் இருக்கிறார்கள் என்பதன் பொருள், டாக்டர் ஒரு வாரம் வெளியே போகலாம் என்பது. வெளிநாட்டிலிருந்து அங்கே வரும் மருத்துவ மாணவர்கள் அந்தப் பெண்களிடம் கற்றுக்கொண்டு போகிறார்கள். ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு விடுப்பு எப்போது, அவள் எந்த மலைக்குப் போவாள்? அவள் போனால் 'யாரு ஊட்டுக்கு' என்று யாரும் கேட்கத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும், அம்மா வீட்டுக்கு. அங்கேயும் போய்ப் பாத்திரம்தான் துலக்குவாள்.

திங்கட்கிழமை அதிகாலையில் மலை இறங்கும்போது பேருந்தில் மூட்டைகள் ஏறுகின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மருந்துச்சீட்டை மஞ்சள்பையில் சுருட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர். இந்தப் பேருந்து மலை ஏறத் தொடங்கி அதிகக் காலம் ஆகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியும் இதே சரிவை நடந்து இறங்கியவராக இருப்பார். அவர் பார்வை வெளியே போகவில்லை. அழகான வளைவுகளில்கூட அவர் எதிர் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவர் வெளிநாட்டுப் பெண் என்பதைக் கண்டுகொண்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்கிறார், "எந்த ஊரும்மா?" செவிலியர் தன் நாட்டின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, என்னவோ தோன்றி, தான் வேலை செய்யும் ஊரின் பெயரைச் சொல்கிறார். பெரியவர் தலையாட்டுகிறார். அவருக்கு அந்த ஊர் தெரியும். அங்கே அவருடைய பெரியம்மா மகளைக் கொடுத்திருக்கிறது. எந்த வீடு, யார் மகன் என்று சொல்லி, இப்போது எத்தனை பிள்ளைகள் என்று விசாரிக்கிறார். செவிலியருக்கு அந்த வீடு தெரிகிறது. அந்த வீட்டு மருமகளுக்கு இரத்தசோகை என்பதும் தெரியும், அதைச் சொல்லக்கூடாது என்பதும் தெரியும். "நல்லா இருக்காங்க" என்கிறார். அடிவாரம் வரும் வரைக்கும் பேச்சு தொடர்கிறது.

மத்தியானம் ஊருக்குள் நுழையும்போது ஆயா அதே வாசலில் உட்கார்ந்திருக்கிறார், சனிக்கிழமையிலிருந்து எழுந்திருக்கவே இல்லாததுபோல. செவிலியர் இந்த முறை தானாக நிற்கிறார். பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுக்கிறார், மலைக் காப்பித்தூள். ஆயா அதைப் பிரிக்காமல் மூக்கருகே வைத்து முகர்கிறார். இளவயதில் குடகில் நான்கு பருவம் காப்பிப் பழம் பறித்த கை அது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தில் அப்படி நிறையக் கைகள் இருக்கின்றன. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார்: "ராவு எங்க படுத்த, கண்ணு?"

"ரூம் எடுத்தேன் ஆயா."

"காசு குடுத்தா?"

"ஆமா ஆயா."

ஆயா பொட்டலத்தை மறுபடி எடுத்து, கையில் எடை பார்ப்பதுபோல ஒருமுறை தூக்கிப் பார்க்கிறார். "நம்ம சனம் இருக்குதே அங்க," என்கிறார். "பேரு சொல்லியிருந்தா அவங்க ஊட்டுல படுத்திருக்கலாம்ல."